பாட்டு அவருடையது, பேர் இன்னொருவருடையது

போன வருஷம் ஒரு கல்லூரி விழாவில் வினாடி வினா. கடைசிச் சுற்று மேற்கத்திய இசை. "'ஏஞ்சல் ஐஸ்' பாடலுக்கு மெட்டமைத்தவர் யார்?" என்று கேட்டார்கள். நான் பஸ்ஸரை அமுக்கி, ரொம்ப நம்பிக்கையோடு "ஃபிராங்க் சினாட்ரா" என்றேன். தப்பு! முதல் பரிசு பக்கத்து மேஜைக்குப் போனது. என் அணியில் இருந்த இரண்டு பேரும் பஸ் ஏறும்வரை என்னோடு பேசவில்லை.

சரியான விடை மாட் டென்னிஸ். யாரப்பா இந்த ஆள் என்று அன்றைக்கு ராத்திரியே தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, தோற்ற வருத்தம் போய் வேறொரு வருத்தம் வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாட் டென்னிஸ் 1914-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். குடும்பமே மேடைக் கலைஞர்கள். 'வாட்வில்' என்று அந்தக் காலத்தில் ஒன்று உண்டு. பாட்டு, ஆட்டம், நகைச்சுவை எல்லாம் கலந்து ஊர் ஊராகப் போய் நடத்துவார்கள். அந்தச் சூழலில் வளர்ந்த பையன் 1933-ல் ஹோரஸ் ஹைட் என்பவரின் இசைக்குழுவில் பாடகராகவும் பியானோ வாசிப்பவராகவும் சேர்ந்தார். பிறகு லவுஞ்ச், கிளப் என்று சின்னச் சின்ன இடங்களில் வாசித்துப் பிழைப்பு.

லவுஞ்ச் பியானோக்காரர் வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மங்கலான வெளிச்சம், மூலையில் ஒரு பியானோ. வந்தவர்கள் குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார்கள். இவர் வாசித்துக்கொண்டே பாட வேண்டும். சத்தமாகப் பாடினால் பேச்சுக்கு இடைஞ்சல், மெதுவாகப் பாடினால் யாருக்கும் கேட்காது. கச்சேரி மாதிரி நிசப்தம் எல்லாம் கிடையாது.

டென்னிஸுக்குத் திருப்பம் வந்தது 1940-ல். பாடகி ஜோ ஸ்டாஃபோர்ட் அவரை டாமி டார்சியிடம் அறிமுகப்படுத்தினார். டார்சியின் இசைக்குழு அப்போது அமெரிக்காவில் முன்னணியில் இருந்த குழுக்களில் ஒன்று. அதில் பாடிக்கொண்டிருந்த ஒல்லியான இளைஞர்தான் சினாட்ரா. டென்னிஸ் மெட்டுப் போட, வரிகள் எழுதியவர் டாம் அடேர். இந்த அடேர், பொதுச்சேவை நிறுவனம் ஒன்றில் மக்களின் புகார்களைக் கேட்கும் குமாஸ்தாவாக இருந்தவர்!

இந்த ஜோடி எழுதிய 'எவ்ரிதிங் ஹேப்பன்ஸ் டு மீ', தொட்டதெல்லாம் தப்பாகப் போகும் ஒருவனின் புலம்பல். சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். நாள் முழுக்கப் புகார் கேட்டவர் எழுதாமல் வேறு யார் எழுத முடியும் என்று எனக்குத் தோன்றியது. 'லெட்ஸ் கெட் அவே ஃப்ரம் இட் ஆல்' பாடலை 1941-ல் டார்சி குழு இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்கும் வரும்படி நீளமாகப் பதிவு செய்தது. 1942 ஜனவரியில் சினாட்ரா முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரில் 4 பாடல்களைப் பதிவு செய்தார். அதில் ஒன்று 'தி நைட் வி கால்டு இட் எ டே'. அதுவும் டென்னிஸ்-அடேர் பாட்டுதான். அதாவது, சினாட்ராவின் தனிப் பயணம் தொடங்கிய இடத்திலேயே நம்ம ஆள் இருக்கிறார்.

அப்புறம் போர். டென்னிஸ் ராணுவ விமானப் படையில் சேர்ந்து சுமார் மூன்றரை வருஷம் இருந்தார். திரும்பி வந்து 1946-ல் ஏர்ல் பிரென்டின் வரிகளுக்குப் போட்ட மெட்டுதான் 'ஏஞ்சல் ஐஸ்'. மதுக்கடையில் இருப்பவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்துக்கொண்டே, தன் காதலி இல்லாமல் போனதை நினைத்து உள்ளுக்குள் உடைகிற ஒருவன் பாடுவது. இது ஒரு லவுஞ்ச் பியானோக்காரரிடமிருந்து வந்ததில் ஆச்சரியமே இல்லை. அந்த மாதிரி ஆட்களை அவர் எத்தனை ராத்திரி பார்த்திருப்பார்! 1953-ல் வந்த 'ஜெனிஃபர்' என்ற படத்தில் டென்னிஸே தோன்றி இதைப் பாடுகிறார். நாட் கிங் கோல், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று பெரிய தலைகள் வரிசையாகப் பாடினார்கள். 1958-ல் சினாட்ரா தன் 'ஒன்லி தி லோன்லி' ஆல்பத்தில் பாடினார். அவ்வளவுதான், அன்றிலிருந்து அது 'சினாட்ரா பாட்டு' ஆகிவிட்டது.

காமர்ஸ் மாணவன் என்பதால் இங்கே கொஞ்சம் கணக்கு. (தூங்கிவிடாதீர்கள்!) அமெரிக்காவின் 1909-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டிலும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் உரிமைத்தொகை. 1977 கடைசி வரை இந்தத் தொகை மாறவே இல்லை. வழக்கமாக அதில் பாதி பதிப்பாளருக்கு. மீதி 1 சென்ட்டை மெட்டு போட்டவரும் வரி எழுதியவரும் பிரித்துக்கொள்வார்கள். ஆளுக்கு அரை சென்ட். ஒரு தட்டு 10 லட்சம் பிரதி விற்றால் 5,000 டாலர்.

வானொலியில் கணக்கு தலைகீழ். பாட்டு ஒலிபரப்பானால் எழுதியவருக்கும் மெட்டு போட்டவருக்கும் பணம் உண்டு. பாடியவருக்கு அந்நாட்டு வானொலி நிலையங்கள் தர வேண்டியதில்லை. ஆக, நாலு பேர் தன் பாட்டைப் பாடுவது டென்னிஸுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு புலனாகாச் சொத்து படிக்கிறோமே, அது மட்டும் முழுக்கப் பாடியவர் கணக்கில் வரவாகிவிடுகிறது. அதைப் பங்கு பிரிக்க எந்தச் சட்டமும் இல்லை. இதுதான் என் வருத்தம்.

1954-ல் டென்னிஸின் ஆல்பம் ஒன்று வந்தது. ஹாலிவுட்டில் டாலி-ஹோ என்ற கிளப்பில் அவர் வாசித்துப் பாடியது. எல்லாமே அவர் மெட்டமைத்த பாடல்கள். கூடவே அவர் மனைவி வர்ஜீனியா மேக்ஸியும் பாடுகிறார். இதைக் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சினாட்ரா 'ஏஞ்சல் ஐஸ்' பாடினால் உலகமே இருண்டுபோன மாதிரி இருக்கும். டென்னிஸ் பாடும்போது அப்படி இல்லை. லேசான குரல், சோகத்தைக்கூடப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வது மாதிரி சொல்கிறார். பெரிய குரல்வளம் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எந்த இடத்தில் விட்டுவிட வேண்டும் என்று பாட்டைப் பெற்றவருக்குத் தெரியாதா?

1955-ல் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சிகூட வந்தது. கோடைகாலத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த சில வருஷங்களில் ராக் அண்ட் ரோல் அலை வந்து, இந்த மாதிரி நிதானமான பாட்டுகளுக்கு இடம் குறைந்தது. ஆனால் பாட்டுகள் சாகவில்லை. 'வயலெட்ஸ் ஃபார் யுவர் ஃபர்ஸ்' மெட்டை 1957-ல் ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் வாசித்தார். 1958-ல் பில்லி ஹாலிடே பாடினார்.

1971 ஜூன் 13. சினாட்ரா பாட்டிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்து, லாஸ் ஏஞ்சலிஸில் நடத்திய நிகழ்ச்சி. கடைசியாக அவர் தேர்ந்தெடுத்தது 'ஏஞ்சல் ஐஸ்'. பாட்டின் முடிவில் அந்த ஆள் விடைபெற்றுப் போவான். அதே வரியோடு சினாட்ராவும் மேடையை விட்டுப் போனார். (இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார் என்பது வேறு கதை.) எத்தனையோ ஆயிரம் பாட்டு இருக்க, விடைபெற அவருக்குக் கிடைத்தது ஒரு லவுஞ்ச் பியானோக்காரரின் பாட்டு. அன்றைக்கு அரங்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு டென்னிஸ் பேர் தெரிந்திருக்கும்?

டென்னிஸ் 2002 ஜூனில், 88 வயதில், கலிஃபோர்னியாவில் காலமானார். 2015-ல் பாப் டிலன் 'தி நைட் வி கால்டு இட் எ டே'யைத் தன் ஆல்பத்தில் பாடினார். அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசியவர்களும் பெரும்பாலும் "டிலன் சினாட்ரா பாட்டுகளைப் பாடியிருக்கிறார்" என்றுதான் சொன்னார்கள். படித்தபோது சிரிப்புதான் வந்தது. நானும் பஸ்ஸரை அமுக்கி அதைத்தானே சொன்னேன்!

நேரம் கிடைத்தால் முதலில் சினாட்ராவின் 'ஏஞ்சல் ஐஸ்' கேளுங்கள். பிறகு டாலி-ஹோவில் டென்னிஸ் பாடியதைக் கேளுங்கள். எது பிடிக்கிறது என்பது உங்கள் இஷ்டம். யாராவது எப்போதாவது யார் மெட்டு என்று கேட்டால் மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள். எனக்குப் போன பரிசு உங்களுக்காவது கிடைக்கட்டும்.