பேரிங், பெல்ட், ஆயில் சீல்: அளவு சொல்லி வாங்குவது எப்படி?

பாசன மோட்டார், பவர் டில்லர், தீவனப்புல் நறுக்கும் கருவி எதுவானாலும் அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பவை பேரிங், பெல்ட், ஆயில் சீல் ஆகிய மூன்றுதான். "5 எச்.பி. மோட்டாருக்கு ஒரு பேரிங் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் உத்தேசமாக ஒன்றை எடுத்துத் தருவார். குதிரைத்திறன் ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும். கதிர் வெளிவரும் சமயத்தில் நெல் வயல் காய்ந்தால் பதர் கூடும். தவறான பாகத்தை மாற்றி வாங்க மறுபடியும் டவுனுக்கு அலைய அப்போது நேரம் இருக்காது.

பேரிங்

பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் வளையத்தின் பக்கவாட்டில் எண் தெரியும். 6205 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களை 5-ஆல் பெருக்குங்கள். 25 மி.மீ. கிடைக்கும், அதுதான் ஷாஃப்ட் விட்டம். இந்தக் கணக்கு 04 முதல்தான் பொருந்தும். 03 என்றால் 17 மி.மீ., 02 என்றால் 15 மி.மீ.

6205, 6305 இரண்டும் ஒரே ஷாஃப்ட்டில் ஏறும். ஆனால் வெளிவிட்டம் முன்னதில் 52, பின்னதில் 62 மி.மீ. எனவே நான்கு இலக்கங்களையும் சொல்லுங்கள். பின்னால் உள்ள எழுத்தையும் விடக்கூடாது. 'இசட் இசட்' என்றால் இருபுறமும் தகடு மூடி, '2ஆர்எஸ்' என்றால் ரப்பர் மூடி. சேறு, தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு ரப்பர் மூடியே நல்லது.

பேரிங் லூசாக இருந்தால் ஷாஃப்ட்டில் பஞ்ச் அடித்து இறுக்குவது பல பட்டறைகளில் வழக்கம். கொஞ்ச நாள் ஓடும். பிறகு ஷாஃப்ட்டே தேய்ந்து செலவு பல மடங்காகும். தேய்ந்த ஷாஃப்ட்டை லேத் பட்டறையில் சரிசெய்த பிறகு புது பேரிங் போடுங்கள்.

பெல்ட்

பெல்ட்டில் 'பி 52' என்றிருந்தால் 'பி' குறுக்களவு, 52 உள்சுற்றளவு அங்குலத்தில். மேல் அகலம் 'ஏ' வகைக்கு 13, 'பி' வகைக்கு 17, 'சி' வகைக்கு 22 மி.மீ. பழைய பெல்ட் தேய்ந்து நீண்டிருக்கும் என்பதால் அதை வைத்து அளக்க வேண்டாம்.

எழுத்து அழிந்துவிட்டதா? மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இரண்டு புல்லிகளையும் சுற்றி, பள்ளத்தின் மேல் விளிம்பு மட்டத்தில் நூல் பிடியுங்கள். அந்த நீளத்தில் 'ஏ' வகைக்கு 2 அங்குலமும் 'பி' வகைக்கு ஏறக்குறைய 3 அங்குலமும் கழித்தால் பெல்ட் எண் கிடைக்கும். மோட்டாரை நகர்த்தி இறுக்கும் போல்ட் நடுவில் இருக்கும்போது அளப்பது முக்கியம். இரண்டு, மூன்று பெல்ட் ஓடும் இயந்திரத்தில் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் முழுச் சுமையும் புதியதன் மேல் விழும்.

ஆயில் சீல்

25, 47, 7 என மூன்று எண்கள் இருக்கும்: ஷாஃப்ட் விட்டம், வெளிவிட்டம், தடிமன். எண் தெரியாவிட்டால் சீலின் உதட்டை அளக்காமல் ஷாஃப்ட்டை வெர்னியர் காலிபரில் அளவெடுங்கள். உதடு ஷாஃப்ட்டை விடச் சற்றுச் சிறியதாகவே செய்யப்பட்டிருக்கும். மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். உதடு உரசும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவு பள்ளம் இருந்தால் புது சீலும் ஒழுகும்.

ஆன்லைனில் வாங்குவோர் பழைய பாகத்தின் எண்ணோடு இயந்திரத்தின் பெயர்த்தகட்டையும் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். புதிய பாகத்தை மாட்டிப் பார்க்கும் வரை பழையதைத் தூக்கிப் போட வேண்டாம்.