புதுச்சேரிச் சொல்தாவும் பிரெஞ்சுச் சுவடிகளும்

பிரெஞ்சிந்தியத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், பாட்டனாரோ பூட்டனாரோ ‘சொல்தா’வாக இருந்தார் என்ற பேச்சு இன்றும் உண்டு. போர்வீரனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே புதுச்சேரி, காரைக்கால் வழக்கில் இவ்வாறு திரிந்து நிலைபெற்றது. சைகோனில் இருந்தார், பிரான்சில் போர் செய்தார் என்பதற்கு அப்பாற் குடும்ப நினைவு பெரும்பாலும் செல்வதில்லை. அந்நினைவை எழுத்துச் சான்றோடு பொருத்த முற்படுவோர்க்கு முதற்கண் தடையாய் நிற்பது பெயரே.

தமிழர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரே முன்னிற்கும். பிரெஞ்சுப் படைப்பதிவோ குடும்பப் பெயரை அடிப்படையாகக் கொண்டது. இவ்விரு முறைகளும் சந்தித்த இடம் 1881ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதிய ஆணையாகும். பிரெஞ்சிந்தியக் குடிகள் தத்தம் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்துக்கு உட்படலாம் என அது விதித்தது. துறவு மீளப்பெற முடியாதது; மனைவியையும் வயதுவராப் பிள்ளைகளையும் அது பிணித்தது. துறந்தவர் தாமும் தம் வழித்தோன்றல்களும் தாங்கவேண்டிய குடும்பப் பெயரொன்றை அப்போதே கூறவேண்டும். இவ்வியக்கத்தை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ‘வாயில்’ எனப் பொருள்படும் லா போர்த் என்ற பெயரைப் பூண்டார். துறந்தோருட் பெரும்பாலோர் கிறித்தவரும் சாதியடுக்கின் கீழ்ப்படிகளில் வைக்கப்பட்டோருமாவர். சாதியை நினைவூட்டும் பெயரினின்று விடுபடுதல் அவர்களுக்கு எத்துணை இன்றியமையாததாயிருந்தது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் அவ்விடுதலையே பின்வந்த ஆய்வாளனுக்கு இடர்ப்பாடாயிற்று. 1881க்கு முந்திய ஏட்டில் ஒரு பெயரும் பிந்திய ஏட்டில் வேறொரு பெயரும் உடையவன் ஒருவனே என்பதைத் துறவுப் பதிவன்றிப் பிறிதொன்று ஐயமறக் காட்டுதல் அரிது. ஆதலின் தேடல் படையேட்டிலன்றிக் குடியியற் பதிவேட்டிலேயே தொடங்கற்பாலது. பிரெஞ்சிந்தியாவின் இப்பதிவேடுகள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் சுவடிக்கூடத்தில் உள்ளன. 1884இல் வாக்காளர் இடாப்பு ஐரோப்பியர், துறந்தோர், ஏனைக் குடிகள் என மூன்றாகப் பகுக்கப்பட்டதும் இவ்வகையில் உதவக்கூடும்.

எழுத்துக்கூட்டலும் சிறிது தொல்லை தருவதே. சண்முகம் என்னும் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் ஓரிடத்துச் சகரத்துக்குரிய ஓரெழுத்தாலும் மற்றோரிடத்து வேறோரெழுத்தாலும் தொடங்குவர். அகரவரிசையில் ஓரிடத்தில் மட்டும் தேடுபவர் வெறுங்கையராய் மீள்வர்.

பெயர் உறுதிப்பட்டபின் நாடவேண்டியது படைத்தொடரெண் ஏடாகும். 1867ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்து இவ்வேடு முறையாக எழுதப்பட்டு வந்தது. ‘தொகுதி’ என்பது ஒருவன் இருபது வயதெய்தும் ஆண்டு. சேவையிற் சேர்ந்த ஆண்டெனக் கொள்ளுதல் தவறு. மேலும், ஆட்சேர்ப்பு அலுவலகம் வழங்கிய எண் ஒன்று, படைப்பிரிவு வழங்கிய எண் வேறொன்று. இவ்விரண்டையும் மயக்குவோர் பிறன் ஒருவனின் வாழ்க்கையைத் தம் பாட்டனாரின் வாழ்க்கையாகப் படிக்க நேரும். பெற்றோர் பெயர், தொழில், உயரம், கண்ணின் நிறம், அங்க அடையாளம், சேவைபுரிந்த பிரிவுகள், காயங்கள், பாராட்டுகள், விடுவிப்புக்குப்பின் வாழ்ந்த இடங்கள் என்பன ஒரே தாளில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். கல்விநிலை ஓர் எண்ணாற் குறிக்கப்படும். எழுதவும் வாசிக்கவும் அறியாதவனுக்குச் சுன்னம். தமிழ் எழுத்தறிவை அவ்வெண் அளந்ததெனக் கொள்ளல் தகாது.

இவ்வேட்டிற் பெரிதும் நம்பத்தக்கது குடியேற்ற நாடுகளிற் புரிந்த சேவையைக் காட்டும் பகுதியாகும். கப்பலேறிய நாளும் கரையிறங்கிய நாளும் அங்கு இடம்பெறும். கடல்கடந்த சேவையும் போர்க்காலச் சேவையும் ஓய்வூதியக் கணக்கில் மேலதிக காலமாகச் சேர்க்கப்பட்டமையே இந்நுணுக்கத்துக்குக் காரணம். வீரனின் புகழைப் பேணுதல் எழுத்தனின் நோக்கமன்று; பணக்கணக்குத் தவறாதிருக்கவேண்டும் என்பதே அவன் கவலை. வரலாற்றுக்கு அக்கவலை நல்லதாயிற்று.

முதலாம் உலகப் போரில் இறந்தோர்க்கு வேறொரு சான்றும் உண்டு. ‘பிரான்சுக்காக மாண்டார்’ எனப் பொறிக்கப்பட்ட அட்டைகள் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. பிறந்த ஊர், படைப்பிரிவு, இறந்த நாளும் இடமும், இறப்பின் காரணம் ஆகியவற்றை அவை தரும். இப்பொழுது கணினி வழியாகவும் அவற்றைப் பார்க்கலாம். படைப்பிரிவு தெரிந்ததும் வன்சேன் கோட்டையிலுள்ள படைத்துறைச் சுவடிக்கூடத்தின் போர் நாட்குறிப்புகளைப் புரட்டவேண்டும். அவற்றில் அதிகாரிகளின் பெயர் வருமளவுக்குச் சாதாரண வீரனின் பெயர் வருவதில்லை. எனினும் அவனது பிரிவு எந்நாளில் எக்கிராமத்தில் நின்றது என்பதேனும் புலப்படும்.

உயிருடன் மீண்டவரின் ஏட்டில், இறுதியாக எழுதப்பட்ட வதிவிடமும் பொருட்படுத்தற்குரியதே. 1956ஆம் ஆண்டு மே 28இற் கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தம் 1962ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. அன்று புதுச்சேரியில் வதிந்த, அம்மண்ணிற் பிறந்தோர் இந்தியப் பிரசைகளாயினர். பிரெஞ்சுப் பிரசாவுரிமையை வைத்திருக்க விரும்பியோர் ஆறு மாதத்துள் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அங்கு பிறந்து, இந்தியாவுக்கு வெளியே பிறநாட்டில் வதிந்தவரோ பிரெஞ்சுப் பிரசையாகவே நீடித்தார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில், பாளையத்தில் இருந்த அண்ணன் பிரெஞ்சுக்காரனாகவும் ஊரில் இருந்த தம்பி இந்தியனாகவும் பிரிந்தமைக்கு, வதிவிடங் காட்டும் அந்த ஒற்றை வரியே சான்றாகலாம்.