தாடைத் தசையில் பதிவாகும் உட்செவி: ஓர் அனிச்சைப் பரிசோதனையின் வரலாறு

தலைச்சுற்றலோடு வருபவரின் உட்செவியைச் சோதிக்க மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது வெப்பநிலைச் சோதனையைத்தான். காதுக்குள் குளிர்ந்த நீரும் வெந்நீரும் செலுத்திக் கண்ணசைவைக் கவனிக்கும் இம்முறைக்கு அடித்தளமிட்ட ராபர்ட் பாரனி, 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். ஆயினும் அச்சோதனை பெரும்பாலும் கிடைமட்ட அரைவட்டக் குழலின் நிலையை மட்டுமே சொல்லும். புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணரும் சாக்யூல், யூட்ரிக்கிள் ஆகிய இரு பைகளும் அதற்கு எட்டவில்லை. அவற்றை எட்டும் வழி தசைகளின் ஊடாகத் திறந்தது. பிழை என்று ஒதுக்கப்பட்டுவந்த தசை இறுக்கமே இங்குச் சோதனையின் ஆதாரமாயிற்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

சமநிலை உறுப்பை ஒலியாலும் தூண்டலாம் என்பதை 1929-இல் பியத்ரோ தூலியோ புறாக்களில் காட்டியிருந்தார். 1958-இல் அமெரிக்காவில் கைஸ்லர் குழுவினர், சொடுக்கொலிக்குப் பின்மண்டையில் எழும் மின்னலையைப் பதிவுசெய்து, அது மூளைப் புறணியிலிருந்து வருவதாகக் கருதினர். மாயோ கிளினிக்கில் பிக்ஃபோர்டு குழுவினர் 1964-இல் அக்கருத்தை மறுத்தனர். கழுத்துத் தசை இறுக இறுக அலை பெரிதாயிற்று. ஆகவே அது தசையின் அலை, அதைத் தூண்டுவது சமநிலை உறுப்பு என்பது அவர்கள் முடிவு. 1971-இல் டவுன்சென்டும் கோடியும் சாக்யூலையே மூலமாகச் சுட்டினர். இவ்வளவு தெளிவு வந்த பின்னும் இருபது ஆண்டுகள் இது மருத்துவமனைக்குள் நுழையாமல் போனது வருந்தத்தக்கது.

திருப்பம் சிட்னியில் நிகழ்ந்தது. கோல்பேட்சும் ஹால்மாஜியும் மின்வாயைப் பின்மண்டையிலிருந்து கழுத்தின் பக்கவாட்டுத் தசைக்கு மாற்றினர். ஒரு பக்கச் சமநிலை நரம்பு துண்டிக்கப்பட்டதும் அப்பக்க அலை மறைந்துபோனதை 1992-இல் வெளியிட்டனர். 13, 23 மில்லிவினாடிகளில் தோன்றும் அவ்வலைகளே இன்று உலகெங்கும் வழக்கிலுள்ள கழுத்துத் தசைச் சோதனையின் அடிப்படை. கண் தசைச் சோதனை 2005-இல் வந்தது.

தாடை அசைவுக்கும் சமநிலைக்கும் என்ன தொடர்பு? கீழ்த்தாடை மண்டையோட்டிலிருந்து தொங்கும் எலும்பு. தலை சாயும்போதெல்லாம் அதை நிலைநிறுத்தியாக வேண்டும். அந்த வேலைக்குச் சமநிலை உறுப்பின் தகவல் மெல்லும் தசைக்குப் போகிறது என்பதை, சார்டீனியத் தீவின் சஸ்ஸாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் விலங்குகளில் கண்டனர். பின்னர் அங்கேயே தெரியுவும் தோலுவும் லண்டனின் ராத்வெல்லோடு சேர்ந்து மனிதரிடம் ஆய்ந்தனர். 2003-இல் காதின் பின்னுள்ள எலும்பின் மேல் மின்தூண்டல் கொடுத்தும், 2005-இல் உரத்த சொடுக்கொலி கொடுத்தும், கன்னத்தின் மாசீட்டர் தசையில் அலைகளைப் பதிவுசெய்தனர். ஒலிக்கு எழுந்தவை இரண்டு. 11, 15 மில்லிவினாடிகளில் வருவது சமநிலை உறுப்பினுடையது. அதற்கு உரத்த ஒலி வேண்டும். 16, 21 மில்லிவினாடிகளில் வருவது கேட்கும் உறுப்பான செவிநத்தையினுடையது. குறைந்த ஒலிக்கே எழும். அடுத்தடுத்து வரும் இவற்றைப் பிரித்தறிந்ததுதான் அக்குழுவின் பெரும்பணி என்பேன். பிரிக்காவிட்டால் செவிப்புலனின் அலையைச் சமநிலையின் அலையாக எண்ணிவிடுவோம்.

சோதனையின்போது நோயாளி பற்களைக் கடித்தபடி, தசை இறுக்கத்தின் அளவைத் திரையில் பார்த்து ஒரே நிலையில் வைத்திருக்க வேண்டும். சாக்யூலிலிருந்து நரம்பு வழியே மூளைத்தண்டை அடையும் செய்தி, அங்கிருந்து முக்கிளை நரம்பின் இயக்கக் கருவுக்குச் சென்று, இறுகியிருக்கும் தசையைக் கணநேரம் தளர்த்துகிறது. அத்தளர்ச்சியே பதிவாகிறது. தளர்ந்து கிடக்கும் தசையில் பதிவாக ஏதுமில்லை. ஒரு முறை கேட்ட ஒலிக்கு எழும் மாற்றம் மிகச் சிறிது. ஆகவே ஒலியைப் பலமுறை ஒலிக்கச் செய்து சராசரி எடுக்கிறார்கள்.

கழுத்து எலும்புத் தேய்மானத்தால், கழுத்துச் சோதனைக்கு வேண்டியபடி தலையைத் திருப்ப முடியாதவர்களுக்கு இது கைகொடுக்கும். கழுத்துச் சோதனையின் பாதை தண்டுவடத்துக்கு இறங்க, இதன் பாதை மூளைத்தண்டின் நடுப்பகுதியோடு முடிவதால், பார்க்கின்சன் நோயில் அப்பகுதியின் பாதிப்பை அறியவும் சஸ்ஸாரி குழு இதைப் பயன்படுத்தியது. இந்தியாவில் மைசூரு அகில இந்திய பேச்சு, செவிப்புல நிறுவனத்தில் இதன் இயல்பளவுகள் ஆராயப்பட்டுள்ளன.

ஆனால் இதைத் தனித்த நோயறி கருவியாகக் கொள்ளும் நிலை இன்னும் வரவில்லை. நடுச்செவிக் கோளாறு இருந்தால் காற்றுவழி ஒலி உள்ளே போகாமல் அலை மறையும். கடிக்கும் வலு குறைந்தாலும் அலை சிறுக்கும். செவிப்புல வல்லுநர்கள் தம் கருவிக்கும் மின்வாய் வைக்கும் இடத்துக்கும் உரிய இயல்பளவுகளை வயதுவாரியாக முதலில் வகுத்துக்கொண்டு, கழுத்து, கண் தசைச் சோதனைகளோடு சேர்த்தே இதன் முடிவை நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.