பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ்: கருவுறும் வயதுப் பெண்களும் தொற்று அபாயமும்

பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் என்பது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் உண்டாகி, பாலுறவு வழியே பரவும் நோய். இந்த வைரஸின் முதல் வகை பெரும்பாலும் வாயோரப் புண்ணை உண்டாக்கும். வாய்வழிப் பாலுறவால் பிறப்புறுப்பையும் தொற்றும். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பையே பற்றும். சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி, உடைந்து, எரிச்சலுள்ள புண்ணாகிச் சில வாரங்களில் ஆறிவிடும். வைரஸோ இடுப்பு நரம்பு முடிச்சுகளில் வாழ்நாள் முழுதும் தங்கி, அவ்வப்போது தோலுக்குத் திரும்பும். உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் 49.1 கோடிப் பேருக்கு இரண்டாம் வகைத் தொற்று இருந்தது, அவர்களில் 31.3 கோடிப் பேர் பெண்கள். இந்த வேறுபாட்டுக்குப் பெண்ணின் நடத்தையைக் காரணமாக்குவது தவறு என்பதையே நோயின் வரலாறு காட்டுகிறது.

பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்ட்ரூக் 1736இல் இந்நோயை விவரித்தார். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமே இதை ஆராய்ந்ததால், நோய் அவர்களுக்கே உரியது என்ற எண்ணம் வேரூன்றியது. இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதை 1893இல் எமில் விடால் எடுத்துக்காட்டினார். 1960களில் வைரஸின் இரு வகைகளும் பிரித்தறியப்பட்டன. ஆனாலும் 1982இல் டைம் இதழ் தன் அட்டைப்படக் கட்டுரையில் ஹெர்ப்பிஸை ஒழுக்கக்கேட்டின் முத்திரையாகவே சித்தரித்தது. வகை பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள் வந்தபின் உண்மை வெளிப்பட்டது. 1988–94இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், 12 வயதுக்கு மேற்பட்டோரில் 21.9 சதவீதத்தினருக்கு இரண்டாம் வகைத் தொற்று இருந்தது. அவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே தமக்கு நோய் இருந்ததாகச் சொன்னார்கள்.

துணைகளின் எண்ணிக்கை கூடினால் அபாயமும் கூடுகிறதே என்று கேட்கலாம். கூடத்தான் செய்கிறது, இளவயதில் தொடங்கும் பாலுறவும் பிற பால்வினைத் தொற்றுகளும் அவ்வாறே. ஆனால் அந்த எண்ணிக்கை அளப்பது, தொற்றுள்ள ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பை மட்டுமே. ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 144 இணைகளை ஏறத்தாழ ஓராண்டு கவனித்து 1992இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. ஆணுக்குத் தொற்று இருந்த இணைகளில் 16.9 சதவீதப் பெண்கள் அதைப் பெற்றார்கள். பெண்ணுக்குத் தொற்று இருந்த இணைகளில் 3.8 சதவீத ஆண்களே பெற்றார்கள். பெரும்பாலும் கொப்புளம் எதுவும் தெரியாத நாட்களிலேயே நோய் பரவியிருந்தது. பெண்ணுறுப்பின் சளிச்சவ்வுப் பரப்பு மிகுதி என்பது இதற்கு ஒரு காரணம். ஆகவே கணவன் ஒருவனோடு மட்டும் வாழும் பெண்ணுக்கும், அவனே அறியாத அவனது பழைய தொற்றால் அபாயம் உண்டு.

கர்ப்பகாலத்தில் இந்த உண்மை உயிர்ப் பிரச்சினையாகிறது. தாய்க்குப் பழைய தொற்று இருந்தால், அவளது எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சேர்ந்து காக்கும். அப்போது பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பேறுகாலம் நெருங்கும்போது புதிதாகத் தொற்றினால் அது 30 முதல் 50 சதவீதம். சியாட்டில் ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குச் சற்றுமுன் தொற்று பெற்ற ஒன்பது பெண்களின் குழந்தைகளில் நான்கு பேருக்கு நோய் வந்தது. ஒரு குழந்தை இறந்தது. நோயுள்ளவள் என்று ஏற்கெனவே அறியப்பட்ட பெண்ணைவிட, நோயே இல்லாதவள் என்று கருதப்படும் பெண்ணுக்குத்தான் காவல் மிகுதியாகத் தேவை.

அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யலாமே என்றால், அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு அதைப் பரிந்துரைக்கவில்லை. நோயில்லாதவருக்கும் நோய் இருப்பதாகக் காட்டும் பிழை இப்பரிசோதனைகளில் அதிகம். இந்த மறுப்பு பரிசோதனைக்குப் பொருந்தும், கேள்விக்குப் பொருந்தாது. மருத்துவர் கர்ப்பிணியிடம் மட்டுமன்றிக் கணவரிடமும் கொப்புளம், வாயோரப் புண் பற்றிக் கேட்க வேண்டும். கணவருக்குத் தொற்று இருந்து மனைவிக்கு இல்லையென்றால், கடைசி மூன்று மாதங்களில் வாய்வழி உறவு உட்படப் பாலுறவைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. முன்பே நோயுள்ளவருக்கு 36ஆம் வாரத்திலிருந்து அசைக்ளோவிர் மாத்திரையும், பிரசவ வலி தொடங்கும்போது புண் இருந்தால் சிசேரியனும் குழந்தையைக் காக்கும். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்வதே இவை அனைத்துக்கும் முதற்படி.