ஒட்டும் உயிரும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 26-ஆம் நாள் திருச்சபை புனிதர்களான கோஸ்மாஸ், தமியான் ஆகிய இருவரையும் நினைவுகூர்கிறது. கைம்மாறு கருதாமல் மருத்துவம் செய்து, மறைசாட்சியராக உயிர்நீத்த இச்சகோதரரின் பெயர்களை முதலாம் நற்கருணை மன்றாட்டிலும் நாம் கேட்டிருக்கிறோம். இவர்களைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற 'பொன் மரபுக் கதைகள்' என்னும் நூல் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. உரோமையில் இவர்களுடைய ஆலயத்தில் பணிபுரிந்த ஒருவரின் கால் புற்றுநோயால் அழுகியது. ஓரிரவு கனவில் தோன்றிய புனிதர்கள், அன்று அடக்கம் செய்யப்பட்டிருந்த எத்தியோப்பியர் ஒருவரின் காலைக் கொணர்ந்து அவருக்குப் பொருத்தினார்களாம். விழித்தெழுந்தபோது அவருக்கு வலி இல்லை. ஆனால் ஒரு கால் மட்டும் கறுத்திருந்தது. இக்காட்சியை ஃப்ரா ஆஞ்செலிக்கோ ஓவியமாகவும் தீட்டியிருக்கிறார்.

இதனை மருத்துவ வரலாறாக நாம் கொள்ள வேண்டுவதில்லை. எனினும், ஓருடலின் உறுப்பு மற்றோர் உடலில் உயிர்பெற வேண்டும் என்னும் மனிதனின் நெடுநாள் ஏக்கம் இக்கதையில் உறைந்திருக்கிறது. அதோடு ஒரு கேள்வியும் உறைந்திருக்கிறது: கால் கொடுத்த அந்த எத்தியோப்பியரின் பெயர் என்ன? அவருடைய இசைவை யார் கேட்டார்கள்?

நம் உழவர்களுக்கு ஒட்டு என்பது புதிய செய்தியன்று. மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிறவர், இரு பட்டைகளையும் சீவி, உயிர்ச்சாறு ஓடும் பகுதிகள் ஒன்றையொன்று தொடுமாறு வைத்துக் கட்டுகிறார். சாறு ஓடினால் ஒட்டுப் பிடிக்கும், ஓடாவிட்டால் காய்ந்துவிடும். மனித உடலுக்கும் இதுவே விதி. குருதி பாயும் இடம் துளிர்க்கும். பாயாத இடம் தவிக்கும்.

இவ்விதியைப் பாரத நாடு மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோலால் செப்பனிடும் முறையைச் சுசுருதரின் நூல் விளக்குகிறது. அக்கலை பிற்காலத்திலும் மறையவில்லை என்பதற்குச் சான்று நம் கொங்கு நாட்டையும் தொட்டுச் சென்ற ஒரு போரிலிருந்து கிடைக்கிறது. 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், கோயமுத்தூர்க் கோட்டை முற்றுகைக்கு உள்ளாகித் திப்புவின் படைகளிடம் வீழ்ந்தது. அதே போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். பின்னர் புனே அருகே, செங்கல் சுடும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், காவஸ்ஜியின் நெற்றித் தோலை முழுதும் வெட்டி எடுக்காமல், குருதி பாயும் ஒரு காம்பு நிற்க, கீழ்நோக்கித் திருப்பி மூக்காக அமைத்தார். இச்செய்தி 1794 அக்டோபரில் இலண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இதழில் படத்துடன் வெளிவந்தது. அதனால் தூண்டப்பெற்ற ஜோசப் கார்ப்யூ 1814-இல் இலண்டனில் அம்முறையைச் செய்து காட்டினார். மேனாட்டின் ஒட்டறுவை மருத்துவம், பள்ளியில் பயிலாத ஓர் இந்தியக் கைவினைஞரிடம் பாடம் கேட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

தோலுக்குப் பின் எலும்பின் முறை வந்தது. 1880-இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மேக்கீவன், நோயால் கையெலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு, வளைந்த கால்களை நிமிர்த்தும்போது பிற குழந்தைகளிடமிருந்து அகற்றப்பட்ட எலும்புத் துண்டுகளை வைத்துக் கையை மீட்டார். எலும்பொட்டின் இயல்பு வியப்புக்குரியது. வைக்கப்படும் துண்டு அப்படியே நிலைத்துவிடுவதில்லை. அது ஒரு சாரம்போல் நிற்க, சுற்றிலுமிருந்து குருதிக் குழாய்கள் அதனுள் ஊர்ந்து செல்கின்றன. பழைய எலும்பு சிறிது சிறிதாகக் கரைய, பெற்றவரின் சொந்த எலும்பு அவ்விடத்தில் வளர்கிறது. கட்டடம் எழுந்ததும் சாரம் மறைவதுபோல, கொடையாகி வந்தது தன்னை மறைத்துக்கொள்கிறது.

ஆனால் முழங்கால் மூட்டில் இவ்விதி ஒரு தடையைச் சந்திக்கிறது. தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் முனைகளைச் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள குருத்தெலும்பு மூடியிருக்கிறது. பளிங்குபோல் வழுவழுப்பான இதில் குருதிக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை; மூட்டு நீரிலிருந்தே இது ஊட்டம் பெறுகிறது. ஆகவே காயம் பட்டால் தானாக ஆறும் ஆற்றல் இதற்கு மிகக் குறைவு. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743-லேயே இவ்வுண்மையை எடுத்துரைத்தார்.

இத்தடையைக் கடக்க மருத்துவர்கள் பல வழிகளில் முயன்றனர். ஜெர்மனியில் எரிக் லெக்சர் 1908-இல், பிறரிடமிருந்து எடுத்த முழங்கால் மூட்டையே குருத்தெலும்போடு பொருத்தத் துணிந்தார். அவற்றுள் பல நாளடைவில் தோற்றன. 1972 முதல் கனடாவின் டொராண்டோ நகரில் ஆலன் கிராஸ், விபத்தில் மூட்டின் ஒரு பகுதியை இழந்த இளைஞருக்கு, இறந்தவர் கொடையாக அளித்த எலும்பையும் குருத்தெலும்பையும் ஒருசேரப் பதித்தார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன், அடியெலும்பில் நுண்துளைகள் இட்டு, மச்சையிலிருந்து குருதியை வரவழைத்துப் புண்ணை நிரப்பும் முறையைப் பரப்பினார். அவ்வாறு வளர்வது நாரியல்பு மிகுந்தது, இயற்கைக் குருத்தெலும்பின் வலிமை அதற்கு இல்லை. ஹங்கேரியில் லாஸ்லோ ஹாங்கோடி 1992 முதல், அதே முழங்காலில் சுமை குறைந்த ஓரத்திலிருந்து சிறு உருளைகளை எடுத்து, கல் பதிப்பதுபோல் சேதமுற்ற இடத்தில் பதித்தார்.

சுவீடனின் கோட்டபோர்க் நகரில் 1987-இல் தொடங்கிய முயற்சி இவற்றினும் நுட்பமானது. நோயாளியின் குருத்தெலும்பில் ஒரு சிறு துணுக்கை எடுத்து, அதன் உயிரணுக்களை ஆய்வகத்தில் பல வாரம் வளர்த்து, மீண்டும் அவர் மூட்டிலேயே விதைத்தனர். 1994-இல் பிரிட்பெர்க், பீட்டர்சன் முதலியோர் வெளியிட்ட அறிக்கையில் 23 நோயாளிகளின் விவரம் உண்டு. தொடையெலும்பு முனையில் விதைக்கப்பட்ட 16 பேரில் 14 பேருக்கு நற்பயன் விளைந்தது. முழங்காற்சில்லில் விதைக்கப்பட்ட 7 பேரில் இருவர்க்கே அப்பயன் கிட்டியது. இன்றும் இத்தகைய ஒட்டுகள், அடிபட்டு ஓரிடத்தில் மட்டும் குருத்தெலும்பை இழந்த இளையோருக்கே பெரிதும் ஏற்றவை. முதுமையில் மூட்டு முழுதும் தேய்ந்தவர்க்கு மூட்டு மாற்று அறுவையே வழி.

இனி நம் ஊருக்கு வருவோம். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1947 முதல், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை இடம்மாற்றி உழைக்கும் கைகளைத் திருப்பித் தந்தார். ஓரிடத்தில் இருப்பதை எடுத்து, இல்லாத இடத்தில் வைக்கும் இக்கலைக்கு நம் மண்ணில் அவர் ஒரு முன்னோடி.

கோவையோ ஆலைகளின் நகரம். இயந்திரங்களும் விரைவு வண்டிகளும் மிகுந்த நகரம். இவ்விரண்டும் நாள்தோறும் கைகால்களைச் சிதைக்கின்றன. இங்கு மயக்கவியல் மருத்துவர் சண்முகநாதனும் அவர்தம் துணைவியார் கனகவல்லியும் 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையில், அவர்களுடைய மைந்தர் இருவர் இத்துறையில் தம் முத்திரையைப் பதித்தனர். இராஜசேகரன் எலும்பு மருத்துவர். இராஜ சபாபதி ஒட்டறுவை மருத்துவர். முன்பெல்லாம் எலும்பை ஒருவர் சேர்ப்பார். தோலும் தசையும் இழந்த புண்ணை மூட, பல நாள் கழித்து வேறொருவர் வருவார். அதற்குள் சீழ் பிடித்துக் கால் போய்விடும். இங்கோ தொடக்கத்திலேயே இரு துறையினரும் ஒரே மேசையருகே நின்று, புண்ணைத் தூய்மை செய்து, எலும்பை நிறுத்தி, குருதியோட்டமுள்ள தசையால் விரைவில் மூடும் முறையைக் கைக்கொண்டனர். முழங்கால் எலும்பு வெளியே தெரியுமாயின், கெண்டைக்காலின் தசையைக் காம்போடு திருப்பி அதன்மேல் போர்த்துவது வழக்கம். புனேயில் நெற்றித் தோலைத் திருப்பிய அதே நுணுக்கம்தான் இது.

சிதைந்த காலைக் காப்பதா, எடுப்பதா என்பது எக்காலத்தும் கொடிய கேள்வி. எடுத்தால் ஒரு தொழிலாளியின் பிழைப்புப் பறிபோகும். வீணே காக்க முயன்றால், ஆண்டுக்கணக்கில் அறுவைக்குமேல் அறுவையாகக் குடும்பமே கடனில் மூழ்கும். இதற்கு அளவுகோலாகக் கங்கா மருத்துவமனை ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது. 109 எலும்பு முறிவுகளை ஆராய்ந்து, 2006-இல் பிரிட்டனின் எலும்பு மருத்துவ இதழில் அது வெளியாயிற்று. தோல், எலும்பு, தசைநாண் நரம்புகள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண்; முதுமை, நீரிழிவு போன்ற இடர்கள் ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். கூட்டுத்தொகை 14-க்கு மேற்படாவிட்டால் காலைக் காக்கலாம். 17-ம் அதற்கு மேலும் ஆனால் காப்பது அரிது. 15, 16 என்னும் இடைப்பட்ட எண்களில் முடிவு எண்ணுக்கு விடப்படவில்லை. நோயாளியின் நிலையையும் வாழ்வையும் நோக்கி, அனுபவமிக்கோர் தீர்மானிக்க வேண்டும். இவ்வடக்கமே அம்முறையின் சிறப்பு என்று நாம் கருதுகிறோம்.

இப்போது அந்த எத்தியோப்பியரை நினைத்துக்கொள்வோம். ஒட்டுக்கு வேண்டிய எலும்பை நோயாளியின் இடுப்பிலிருந்தே எடுப்பதுண்டு. பெரும் குறைகளுக்கு அது போதாது. பிறர் தர வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1988-இல் திசு வங்கியை நிறுவிற்று. 1994-இல் இயற்றப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடுத்து, இசைவைக் கட்டாயமாக்கியது; 2011-இல் வந்த திருத்தம் எலும்பு முதலிய திசுக்களையும் அதன்கீழ்க் கொணர்ந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1956 மே மாதத்தில், இறந்தோரின் கருவிழிப்படலத்தைப் பிறர்க்கு அளிப்பது அவர்க்குரிய மரியாதைக்கு முரணன்று என விளக்கினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000 ஆகஸ்டில், இத்தகைய கொடை அறிந்து மனமுவந்து தரப்படுவதாக இருத்தல் வேண்டும் என வலியுறுத்தினார்.

கண்தானத்தை நம் பங்குகள் ஓரளவு அறிந்திருக்கின்றன. இதயம் நின்றபின்னும் சில மணி நேரத்திற்குள் எலும்பையும் தோலையும் அளிக்கலாம் என்பதை அறிந்தோர் சிலரே. உயிர்த்தெழுதலில் நம்பிக்கை கொண்டோர், எலும்பு குறைந்தால் உடல் குறையுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இதைக் குறித்து வீட்டில் பேசத் துக்க வீடு ஏற்ற இடமன்று. எல்லோரும் நலமாகக் கூடியிருக்கும் நாளிலேயே பேசிவைப்பது நல்லது. அப்போது கொடுப்பவர் கதையில் வரும் பெயரற்றவராக இரார். தம் இசைவைத் தாமே சொன்னவராக இருப்பார்.