ஒரே கூரையின் கீழ் உருவான லாரி: மேக் நிறுவனத்தின் வரலாறும் உரிமையாளர் அனுபவமும்

அமெரிக்காவில் கனரக லாரி வாங்குவது நெடுங்காலம் ஒரு பட்டியல் போடும் வேலையாக இருந்தது. எஞ்சின் கம்மின்ஸா, கேட்டர்பில்லரா, டெட்ராய்ட் டீசலா, கியர்பாக்ஸ் ஃபுல்லரா, ஆக்சில் ராக்வெல்லா ஈட்டனா என்று வாங்குபவர் ஒவ்வொன்றாகச் சொல்வார். பீட்டர்பில்ட், கென்வொர்த் போன்ற நிறுவனங்கள் சேஸியும் கேபினும் செய்து, கேட்ட உறுப்புகளைப் பொருத்திக் கொடுக்கும். நடுவழியில் பழுது வந்தால் அந்த எஞ்சினை அறிந்த மெக்கானிக் பெரும்பாலான ஊர்களில் கிடைப்பார் என்பது இந்த ஏற்பாட்டின் வசதி. இதற்கு நேர் எதிராக நின்றது பென்சில்வேனியாவின் மேக். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், சஸ்பென்ஷன் என்று வண்டியின் முதுகெலும்பு முழுவதையும் தானே செய்வது அதன் கொள்கை.

மேக்கைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை புல்டாக் சின்னத்தைச் சுற்றியே வருகின்றன. சின்னம் பின்னால் வந்தது. மேக் உரிமையாளர்களின் பிடிவாதமான பற்றுக்கும், அதே உரிமையாளர்களின் தீராத மனக்குறைகளுக்கும் வேர் அந்த 'எல்லாம் நாமே' என்ற கொள்கைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வண்டிப் பட்டறையிலிருந்து

ஜாக் மேக் நீராவி எஞ்சின்களோடு பழகியவர். அவரும் சகோதரர் அகஸ்டஸும் 1893-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், தாங்கள் அறிந்த ஒரு குதிரைவண்டிப் பட்டறையை விலைக்கு வாங்கினார்கள். நிறுவனம் தன் பிறப்பை 1900 என்று கணக்கிடுகிறது. பிராஸ்பெக்ட் பூங்காவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற, 20 பேர் அமரக்கூடிய மோட்டார் பேருந்துதான் அதன் தொடக்கம். 1905-இல் சகோதரர்கள் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் பெயர்ந்தனர். இன்னொரு சகோதரர் ஜோசப் அங்கே பட்டுத் தொழிலில் இருந்தது இந்த இடமாற்றத்துக்கு உதவியது. தொடக்க கால வண்டிகள் 'மன்ஹாட்டன்' என்ற பெயரில் விற்றன. குடும்பப் பெயர் வண்டியில் ஏறியது 1910 வாக்கில்தான்.

பெயர் நிலைத்தது, குடும்பம் நிலைக்கவில்லை. 1911-இல் சாவ்ரர் நிறுவனத்தோடு இணைந்து இன்டர்நேஷனல் மோட்டார் கம்பெனி உருவானது. அடுத்த ஆண்டு ஹெவிட் நிறுவனமும் சேர்ந்தது. நிர்வாகம் நிதியாளர் கைக்குப் போனதும் ஜாக் விலகினார். ஆனால் இந்த இணைப்பு இரண்டு பொறியாளர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. எட்வர்ட் ஹெவிட், ஆல்ஃபிரட் மாசுரி ஆகிய அந்த இருவர் இல்லாமல் மேக் வரலாறு இல்லை என்றே சொல்வேன்.

ஏசி: ஒரு தலைமுறையின் லாரி

1914-இல் நடுத்தர எடைக்கான ஏபி வந்தது. 1916-இல் வந்த ஏசிதான் எல்லாவற்றையும் மாற்றியது. ரேடியேட்டரை முகப்பில் வைக்காமல் எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுநரின் முன்பலகையை ஒட்டி வைத்தார்கள். குவாரியிலும் கட்டட வேலையிலும் லாரி எதன் மீதாவது மோதினால் முதலில் உடைவது ரேடியேட்டர் என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை அது. முன்னால் மழுங்கிச் சரிந்த பானட் அமைந்ததும் இந்த ஏற்பாட்டால்தான். பின்சக்கரங்களுக்குச் சங்கிலி வழியே விசை போனது. அன்றைய ஷாஃப்ட் ஆக்சில்கள் கனமான சுமையைத் தாங்காமல் பல்லுடைந்தன, சங்கிலி தாங்கியது. சேற்றில் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பல்சக்கரத்தை மாற்றி வண்டியின் இழுவையையும் வேகத்தையும் வேலைக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கும் பிரிட்டிஷ் படைக்கும் ஆயிரக்கணக்கான ஏசிகள் போயின. பிரிட்டிஷ் வீரர்கள்தாம் அதை புல்டாக் என்று அழைத்தார்கள் என்பது நிறுவனம் சொல்லிவரும் மரபு. 1919 ஜூலை 7 அன்று வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட ராணுவ மோட்டார் அணியிலும் மேக்குகள் இருந்தன. மரப்பாலங்கள் முறிய, சாலையே இல்லாத இடங்களைக் கடந்து அது செப்டம்பர் 6-இல் போய்ச் சேர்ந்தது. அந்த அணியில் இளம் அதிகாரியாகச் சென்ற ஐசனோவர் 1956-இல் குடியரசுத் தலைவராக நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

1922-இல் நிறுவனம் மேக் டிரக்ஸ் என்ற பெயரையும் புல்டாக்கை அடையாளமாகவும் ஏற்றது. 1932-இல் மருத்துவமனையில் படுத்திருந்த மாசுரி பொழுது போகாமல் செதுக்கிய நாய்ப் பொம்மைதான் பானட்டின் மேல் நிற்கும் உருவமாயிற்று. அதற்கு வடிவமைப்புக் காப்புரிமையும் பெற்றார். அடுத்த ஏப்ரலில் அக்ரான் ஆகாயக் கப்பல் அட்லாண்டிக்கில் விழுந்தபோது இறந்த 73 பேரில் அவரும் ஒருவர்.

ஏசி 1930-களின் இறுதிவரை, 40,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவானது. ஆனால் அதை ஓட்டியவரின் நிலை வேறு. கதவு இல்லை, முன்கண்ணாடி இல்லை, கெட்டி ரப்பர் டயர். கைப்பிடியைச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். லாரியைக் காப்பாற்றுவதற்கு இவ்வளவு சிந்தித்தவர்கள் மனிதனுக்கு அவ்வளவு சிந்திக்கவில்லை. இந்தக் குறை மேக்கின் பிற்கால வண்டிகளிலும் தொடர்ந்தது என்பதே ஓட்டுநர்கள் தரும் சாட்சி.

இரட்டை லிவர்க் காலம்

1938-இல் மேக் சொந்த டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. உள்நாட்டு லாரி நிறுவனங்கள் டீசலுக்கு வெளியாரை நம்பியிருந்த நேரத்தில் அது துணிச்சலான செலவு. அதன் பலன் 1953-இல் பி வரிசையோடு தெரிந்தது. அந்த ஆண்டு வந்த தெர்மோடைன் டீசல், சுமார் 11 லிட்டர் கொள்ளளவில் 170 குதிரைத்திறன் தந்தது. உருண்ட மட்கார்டும் சாந்தமான முகமும் கொண்ட பி வரிசை 1966 வரை 1,27,786 வண்டிகள் விற்றது. இன்று அமெரிக்கப் பழைய லாரி ஆர்வலர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் மேக்குகளில் முதன்மையானது இதில் வந்த பி-61.

பி-61 ஓட்டியவர்கள் முதலில் பேசுவது எஞ்சினைப் பற்றி அல்ல, கியரைப் பற்றி. பிரதான கியர்பாக்ஸில் ஐந்து நிலைகள். அதன் பின்னால் துணைப்பெட்டி. அதில் இரண்டு நிலை இருந்தால் டூப்ளெக்ஸ், மூன்று இருந்தால் டிரிப்ளெக்ஸ், நான்கு இருந்தால் குவாட்ரப்ளெக்ஸ். ஆக 10, 15 அல்லது 20 சேர்மானங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி லிவர். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். வலக்கை ஒரு லிவரில். இடக்கையை ஸ்டியரிங் வளையத்தின் ஊடே நுழைத்து மற்றொன்றைப் பிடித்து, நெஞ்சாலோ முழங்கையாலோ ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொள்வார்கள். பள்ளத்தில் சக்கரம் விழுந்து ஸ்டியரிங் சுழன்றால் கை முறியும் ஆபத்து உண்டு. இதைக் கற்றவர் தன்னை ஒரு தொழிலாளி என்ற நிலைக்கு மேலே வைத்துப் பார்த்ததில் வியப்பில்லை. நல்ல ஓட்டுநர் யார் என்பதைப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் காதாலேயே தீர்மானித்துவிடலாம்.

மேக்ஸிடைன்: கொள்கையின் உச்சம்

இந்தச் சுமையை நீக்கியதும் மேக்கேதான். வால்டர் மே தலைமையிலான பொறியாளர்கள் 1960-களின் நடுவில் உருவாக்கிய மேக்ஸிடைன் எஞ்சின் என் மதிப்பீட்டில் நிறுவனத்தின் மிகப் பெரிய சாதனை. அன்றைய டீசல்கள் 1,800-க்கும் 2,100-க்கும் இடைப்பட்ட குறுகிய சுழற்சி வீச்சில்தான் உருப்படியாக இழுத்தன. அந்த வீச்சுக்குள் எஞ்சினை நிறுத்துவதற்காகவே இத்தனை கியர்கள். மேக்ஸிடைனோ 1,200 முதல் 2,100 வரை ஏறத்தாழ ஒரே அளவாக 237 குதிரைத்திறன் தந்தது. சுழற்சி இறங்க இறங்க முறுக்குவிசை ஏறியது. எனவே ஐந்து கியர் போதும். அதற்கென்றே மூன்று துணைத்தண்டுகள் கொண்ட மேக்ஸிடார்க் கியர்பாக்ஸைச் செய்தார்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் வெவ்வேறு நிறுவனங்களிடம் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? கியர்பாக்ஸ் விற்பவர் கியர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் எஞ்சினை ஏன் விரும்புவார்? 1961-இல் நியூஜெர்சியின் பிளெயின்ஃபீல்டிலிருந்து மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனுக்கு மாறிய ஆலையில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. எல்லாம் நாமே என்ற கொள்கை வெறும் பெருமையாக இல்லாமல் புதுமைக்கே காரணமான இடம் இது.

1966-இல் வந்த ஆர் வரிசையில் இந்தச் சேர்க்கை பரவியது. டிப்பர், கான்கிரீட் கலவை வண்டி, குப்பை லாரி என்று அமெரிக்க நகரங்களின் முரட்டு வேலைகள் அதன் முதுகில் ஏறின. உரிமையாளர் சொல்வதில் இரு பக்கமும் உண்டு. ஏற்றத்தில் எஞ்சின் அடங்கி அடங்கிப் போனாலும் நிற்காது. 'கேமல்பேக்' எனப்படும், ஒட்டகத் திமில் போல் வளைந்த பின்பட்டைகள் எந்தச் சுமையையும் தாங்கும். ஆனால் காலி வண்டியில் அதே பட்டைகள் முதுகெலும்பை உலுக்கும். கேபின் குறுகல், இரைச்சல் அதிகம். எஞ்சின் பிரேக்கைக்கூட டைனடார்ட் என்ற பெயரில் மேக் தானே செய்தது; இறக்கத்தில் ஜேக்கப்ஸ் பிரேக்கின் பிடிப்பு அதற்கு இல்லை என்பது ஓட்டுநர்களிடையே பரவலான கருத்து. பாகம் வேண்டுமென்றால் மேக் விற்பனையாளரிடம்தான் போக வேண்டும். கிழக்குக் கரையில் அவர்கள் நெருக்கமாக இருந்தார்கள். மேற்கே போகப் போக இடைவெளி கூடியது.

மேற்குக்கு வேறு தேவை. மலைகளையும் பாலைகளையும் கடக்கும் நெடுந்தூர ஓட்டத்தில் வண்டி எடை குறைந்தால் சரக்கு கூடும். அங்கே பீட்டர்பில்ட்டும் கென்வொர்த்தும் ஆண்டன. கலிஃபோர்னியாவின் ஹேவர்டில் ஆலை திறந்து, அலுமினியம் கலந்த ஆர்எல் வண்டிகளை மேக் உருவாக்கியது. கம்மின்ஸ், டெட்ராய்ட் எஞ்சின்களையும் பொருத்தியது. கொள்கை நிலப்பரப்புக்கு வளைந்தது. ஆனாலும் மேற்கின் நெடுந்தூரத் தனி உரிமையாளர்களை மேக் முழுமையாக வென்றதில்லை; 1978-இல் வந்த 'கான்வாய்' திரைப்படத்தில் நாயகன் ஓட்டியது மேக்காக இருந்தும்கூட.

கைமாறிய காலம்

1967-இல் சிக்னல் நிறுவனம் மேக்கை வாங்கியது. 1979 முதல் ரெனோ படிப்படியாகப் பங்கு சேர்த்து 1990-இல் முழு உரிமையாளரானது. ஆலன்டவுனின் பழைய ஆலை 1987-இல் மூடப்பட்டு உற்பத்தி தென் கரோலினாவின் வின்ஸ்பரோவுக்குப் போனது. அதுவும் 2002-இல் மூடியது. 1975-இல் ஆலன்டவுனுக்கு அருகே மக்கஞ்சியில் திறந்த ஆலை மட்டும் நிலைத்தது. ரெனோவின் லாரிப் பிரிவு வோல்வோவிடம் போனபோது 2001-இல் மேக்கும் அதன் கீழ் வந்தது. 2009-இல் தலைமையகமும் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவுக்குப் பெயர்ந்தது. நூறாண்டு நிறுவனத்தின் பெயரால் வாழ்ந்த ஊர் அதன் தலைமையகத்தை இழந்தது.

மேக் வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் மூன்றும் மேக் என்றால் பானட்டின் மேல் நிற்கும் நாய் தங்க நிறம். ஏதாவது ஒன்று வெளியார் செய்தது என்றால் வெள்ளி நிறம். சாலையில் எதிரே வரும் வண்டியின் நாயைப் பார்த்தே அதன் உள்ளிருப்பதை உரிமையாளர்கள் அறிந்துகொண்டார்கள். 2006-க்குப் பின் வந்த எம்பி வரிசை எஞ்சின்களின் அடிப்படை வோல்வோவினுடையது. எம்டிரைவ் தானியங்கி கியர்பாக்ஸும் வோல்வோ வடிவத்தின் வழித்தோன்றல். இரண்டும் ஹேகர்ஸ்டவுனில் உருவாகின்றன, மேக் பெயர் தாங்குகின்றன, தங்க நாயும் தொடர்கிறது. பழைய உரிமையாளர் சிலர் இதை ஏற்பதில்லை. எனக்கும் அவர்களின் மனத்தாங்கல் நியாயமாகவே படுகிறது. தங்க நிறம் முன்பு ஒரு பொறியியல் முடிவைக் காட்டியது. இன்று அது ஒரு நிறுவனக் குழுமத்துக்குள் பெயர்ப்பலகை எங்கே தொங்குகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. அதே நேரம், செய்தவர்களின் கை மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023-இல் பென்சில்வேனியா, மேரிலாந்து, ஃபுளோரிடா ஆலைகளில் ஏறத்தாழ 4,000 தொழிலாளர்கள் ஐந்து வாரங்களுக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் மேக் தொழிலாளிகள் என்ற பெயரிலேயே நின்றார்கள்.

மக்கஞ்சியில் ஆண்டுதோறும் கோடையில் பழைய லாரிகள் கூடுகின்றன. அங்கே வரும் பி-61-களின் எஞ்சினும் கியர்பாக்ஸும் சந்தையில் பொதுவாகக் கிடைக்காதவை என்பதால், ஒன்றை மீட்டெடுக்க இன்னொன்றைப் பிரிப்பது வழக்கம். துணை ஆலன்டவுன் மேக் அருங்காட்சியகம். உரிமையாளர் சேஸி எண்ணைக் கொடுத்தால், அந்த வண்டி ஆலையை விட்டு வெளியேறிய நாளில் எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த ஆக்சில் விகிதம் பொருத்தப்பட்டது என்ற பழைய பதிவைத் தேடித் தருகிறார்கள். முழு வண்டியையும் ஒரே நிறுவனம் செய்ததால், அந்த விவரங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன.