இராஜவீதியின் இல்லங்கள்

தரங்கம்பாடியின் நகரவாயிலைக் கடந்து இராஜவீதியில் நுழைவோர், கடலோசையைக் கேட்டுக்கொண்டே இருமருங்கும் நிற்கும் பெரிய இல்லங்களைக் காண்பர். ஆட்சிக்கும் வணிகத்துக்குமென எழுந்த வீதி அது. அங்குள்ள கட்டிடங்கள் இன்று எப்பணிக்குப் பயன்படுகின்றன என்பதை ஆராய்ந்தால், ஓர் ஊரின் வரலாறே விளங்கும்.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்ற டேனியர், இக்கரையில் டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். மிளகும் பருத்தித் துணியும் இங்கிருந்து கப்பலேறின. பண்டகசாலைகள் பெருகின, கடைகள் தழைத்தன. இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், 1845இல், பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட டேனியக் குடியிருப்புகளுள் இவ்வூரும் ஒன்று. சில காலம் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கிய பெருமையும் இதற்குண்டு. ஆனால் 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் சரக்குகள் அத்துறைமுகத்தை நாடின. 1926இல் மாயவரத்திலிருந்து இவ்வூருக்கும் இரயில் வந்தது. போன வணிகமோ திரும்பவில்லை. அந்த இரயிலும் 1986இல் நின்றுபோயிற்று.

வணிகம் அகன்றபின் கட்டிடங்களின் கதி யாது? கோட்டை பயணியர் விடுதியாகி, 1978க்குப்பின் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாயிற்று. ஆளுநராயிருந்த ரேலிங்கின் இல்லம் கன்னியர் மடமாகவும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகவும் மாறியது. ஆங்கிலேயக் கலெக்டரின் பங்களா கடற்கரை விடுதியாயிற்று. டேனிய ஆளுநரின் மாளிகையோ நீதிமன்றமாகிப் பின்னர் உப்புத்துறையின் கைக்குச் சென்றது. அதுவும் வெளியேறியபின் கவனிப்பாரின்றிச் சிதைந்து, டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் ஒத்துழைப்பால் மீண்டும் உருப்பெற்றது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. பணி மாறுவதால் ஒரு கட்டிடம் அழிவதில்லை. பணியற்றுப் போவதால்தான் அழிகிறது. கடலோரச் சுண்ணாம்புச் சுவரை உப்புக்காற்று ஓயாது அரிக்கும். ஆண்டுதோறும் வெள்ளையடித்து, ஒழுகும் கூரையை அடைக்க உள்ளே ஆள் இருந்தாலன்றி அது நில்லாது. பாடம் ஒலித்த இல்லம் நிலைத்தது; பூட்டிய மாளிகை இடிந்தது.

பழையது அப்படியே நிலைத்திருக்க வேண்டுமென வருந்துவோர் பலர். மாசிலாமணிநாதர் ஆலயமும் பள்ளிவாசலும் தேவாலயங்களும் நிற்கும் அச்சிற்றூர் அவர்க்குத் தரும் விடை இதுவே: புதிய பணி பழைமைக்குப் பகையன்று, காவலே.

எனினும் மாற்றத்தோடு மறதியும் வந்துவிடுகிறது. தரங்கம்பாடிக்கு டேனியரின் ஏடுகள் சான்றாக உள்ளன. காயலிலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் நம் முன்னோர் கட்டிய கிடங்குகளுக்கும் கடைகளுக்கும் யார் ஏடு வைத்தார்கள்? துணிக்கிடங்கு மளிகைக்கடையாகி, மளிகைக்கடை கைப்பேசிக் கடையாகும்போது, முதற்பெயரை அறிந்தவர் வீட்டு முதியவர் ஒருவராகவே இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போமாக. சுவரைக் காப்பது செல்வர்க்கே இயலும். நினைவைக் காப்பது நம் அனைவர்க்கும் இயலும்.